ஈரச் சாலையும் இளகிய கையும்

விரைந்து செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ஊர்தி ஒன்று உண்டு. ஸ்போர்ட்ஸ் கார் என்று அதனை அழைக்கிறோம். தாழ்ந்த உடல், அகன்ற டயர்கள், ஆற்றல் மிகுந்த எஞ்சின், பெரும்பாலும் இருவர் மட்டுமே அமரத்தக்க இருக்கைகள். காய்ந்த சாலையில் அது ஓட்டுநரின் எண்ணத்தை அறிந்தது போல ஓடும். மழை பெய்யத் தொடங்கியதும் அதே ஊர்தி வேறோர் இயல்பைக் காட்டுகிறது. இவ்வியல்பு மாற்றத்தைப் பற்றிப் பங்குக்குரு ஒருவர் எழுதுவானேன் என்று வாசகர் வினவலாம். முறையான வினாவே. ஈரச் சாலையின் வளைவொன்றில் மாண்டுபோன தம் மகனைப் பற்றி ஊரார் கூறிய தீர்ப்பு சரிதானா என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். இறையியல் நூல்களில் அதற்கு நேரடியான விடை இல்லை. வேறிடத்தில் தேட வேண்டியிருந்தது. அத்தேடலில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

தமிழகக் குருக்கள் பலர் ஜெர்மனியின் பங்குகளில் பணியாற்றி வருவதை வாசகர் அறிவர். நாமும் 2010 முதல் 2015 வரை டிரியர் மறைமாவட்டத்தில், ஐஃபல் மலைப்பகுதியின் சிற்றூர்களில் பணியாற்றினோம். ஐஃபல் என்பது மழையும் மூடுபனியும் அடிக்கடி இறங்கும் மேட்டு நிலம். காடுகளினூடே சாலைகள் வளைந்து வளைந்து செல்லும். 1927இல் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் என்னும் பெயர்பெற்ற பந்தயப் பாதை இங்குதான் உள்ளது. அதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. பந்தயம் இல்லாத நாள்களில், கட்டணம் செலுத்தி எவரும் தம் சொந்த ஊர்தியை அதில் ஓட்டிப் பார்க்கலாம். ஆதலால் வார இறுதிகளில் அப்பகுதிச் சாலைகள் முழுவதும் ஸ்போர்ட்ஸ் கார்கள். சாலை வளைவுகளில் ஆங்காங்கே சிறு மரச் சிலுவைகளும் உண்டு. ஒவ்வொன்றும் ஒருவர் உயிர் விட்ட இடத்தின் அடையாளம்.

அத்தகைய சிலுவை ஒன்றை நாம் மந்திரித்து நட வேண்டியதாயிற்று. இறந்தவர் இருபத்தேழு வயதுத் தச்சர். பல ஆண்டுகள் சேமித்து, முன்னொருவர் ஓட்டிய இருவர் கார் ஒன்றை வாங்கியிருந்தார். எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்குச் செல்லும் வகை அது. அக்டோபர் மாத மாலை; மழை; சாலையெங்கும் உதிர்ந்த இலைகள். வளைவொன்றில் காரின் பின்பகுதி வழுக்கிச் சுழன்று, பக்கவாட்டில் மரத்தில் மோதியது. அடக்கத் திருப்பலி முடிந்து காப்பி அருந்தக் கூடியிருந்தபோதே ஊரார் தீர்ப்பு எழுதிவிட்டனர்: இளமைத் திமிர், வேக வெறி, அகந்தைக்கு வந்த முடிவு.

சில மாதங்களுக்குப் பின் அத்தாய் ஆய்வறிக்கை ஒன்றுடன் பங்கு இல்லத்திற்கு வந்தார். விபத்தை ஆராய்ந்த வல்லுநர் எழுதியது அது. நூறு கிலோமீட்டர் வேகம் அனுமதிக்கப்பட்ட அச்சாலையில் மகன் சென்றது ஏறத்தாழ எழுபதில். மது அருந்தவில்லை. "அகந்தைதான் என் மகனைக் கொன்றது என்கிறார்களே, தந்தையே! அப்படியானால் இது என்ன?" என்று கேட்டார். ஆறுதல் மொழி அவருக்குத் தேவைப்படவில்லை, உண்மை தேவைப்பட்டது. உண்மையை அறியாமல் கூறும் ஆறுதல், ஊராரின் தீர்ப்பைப் போலவே பொறுப்பற்றதாகும் அன்றோ?

நம் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் பழைய போர்ஷே 911 வைத்திருந்தார். ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி அளிக்கும் நிலையத்தில் நெடுங்காலம் பயிற்றுநராகப் பணியாற்றியவர். அறிக்கையை அவரிடம் காட்டினோம். அமைதியாகப் படித்து முடித்தபின், இதனைச் சொல்லி விளக்க இயலாது, வந்து பாருங்கள் என்றார். ஒரு சனிக்கிழமை காலை அவருடன் சென்றோம்.

முதலில் அவர் நம்மை டயரின் அருகே குனிய வைத்தார். ஒவ்வொரு டயரும் நிலத்தைத் தொடும் பரப்பு ஓர் உள்ளங்கை அளவுதான். ஆயிரத்து ஐந்நூறு கிலோ எடையுள்ள ஊர்தி நான்கு உள்ளங்கைகளை நம்பியே ஓடுகிறது. சாலையில் நீர் நிற்கும்போது டயரின் பள்ளங்கள் அதனை வெளியே தள்ள வேண்டும். 245 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர், 3 மில்லிமீட்டர் ஆழ நீரில், மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். வினாடிக்கு ஏறத்தாழ 16 லிட்டர் நீரை அது அகற்றியாக வேண்டும். நம் ஊர்க் கணக்கில் ஒவ்வொரு வினாடியும் ஒரு குடம் நீர்! அகற்ற இயலாதபோது டயர் நீரின்மேல் ஏறி மிதக்கிறது. காய்ந்த சாலையில் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெருந்துணையாக இருக்கும் டயரின் அகலமே இங்குப் பகையாகிறது. குறுகிய டயர் நீரைப் பிளந்து செல்லும் வேகத்தில், அகன்ற டயர் மிதக்கத் தொடங்கிவிடும்.

1960களில் அமெரிக்காவின் நாசா நிறுவன ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களைக் கொண்டு இம்மிதப்பை ஆராய்ந்தனர். டயரினுள் காற்றழுத்தம் குறையக் குறைய, மிதக்கும் வேகமும் குறைகிறது என்று கண்டனர். காற்று குறைந்த டயருடன் மழையில் செல்பவர் தம் எல்லையைத் தாமே சுருக்கிக்கொள்கிறார். மிதப்பின் அறிகுறிகளையும் பயிற்றுநர் கூறினார். ஸ்டியரிங் திடீரென்று எடையற்றதாகிவிடும். பின்சக்கர இயக்கமுள்ள காரில் எஞ்சின் ஒலி காரணமின்றி உயரும். அப்போது ஸ்டியரிங்கைத் திருப்பவும் கூடாது. பிரேக்கை அழுத்தவும் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாகத் தளர்த்தி, டயர் மீண்டும் நிலத்தைத் தொடும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்து அவர் விளக்கியது பிடிமானத்தின் சிக்கனம். நம் வழக்கில் சொல்வதானால், டயரின் கையில் இருப்பது ஒரே ரூபாய். பிரேக் பிடிப்பதற்கும், திரும்புவதற்கும், வேகம் கூட்டுவதற்கும் அதே ரூபாயிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். முழுவதையும் பிரேக்கில் செலவிட்டால் திரும்புவதற்கு எதுவும் மிஞ்சாது. மழை பெய்தால் அந்த ரூபாயும் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் முதல் மழையில் எண்ணெயும் ரப்பர்த் துகள்களும் நீருடன் கலந்து அதிலும் ஒரு பகுதியைப் பறிக்கின்றன. எனவேதான் தேர்ந்த ஓட்டுநர் வளைவுக்கு முன்னரே, கார் நேராகச் செல்லும்போதே வேகத்தைக் குறைத்துவிடுகிறார். வளைவினுள் நுழைந்தபின் ரூபாய் முழுவதும் திரும்புவதற்கே உரியது.

பின்னர் அவர் நம்மைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டு ஈரத்தளத்திற்குச் சென்றார். நீர் பாய்ச்சப்பட்ட வழுக்குத் தளம் அது. அதன் முகப்பில் தரையோடு தரையாக ஓர் இரும்புத் தட்டு. காரின் பின்சக்கரங்கள் அதன்மேல் ஏறும்போது தட்டு திடுமென ஒருபுறம் இழுபட்டுப் பின்பகுதியைத் தள்ளிவிடும். எந்தப் பக்கம் தள்ளும் என்று ஓட்டுநருக்கு முன்கூட்டித் தெரியாது.

முதல் முறை, அஞ்சிய மனிதர் செய்வதை அவர் வேண்டுமென்றே செய்து காட்டினார். கார் வழுக்கியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முற்றிலும் எடுத்து, பிரேக்கை மிதித்தார். கார் இருமுறை முழுவதுமாகச் சுழன்று பின்னோக்கி நின்றது. சென்ற வேகம் ஐம்பதுக்கும் குறைவு. இரண்டாம் முறை தட்டு தள்ளியதும் அவர் தலை திரும்பியது. சறுக்கும் திசையை நோக்கியன்று, தாம் செல்ல விரும்பிய திசையை நோக்கி. கைகள் அப்பார்வையைப் பின்பற்றின. கால் மிதியை விட்டு அகலவில்லை; சற்றே தளர்ந்தது, அவ்வளவே. பின்பகுதி ஒருமுறை அசைந்து, இயல்புக்குத் திரும்பியது. திரும்பும் அக்கணத்திலேயே ஸ்டியரிங்கை நேராக்கினார். இல்லையேல் கார் எதிர்ப்புறம் வீசப்படுமாம். அவர் கைகளில் வலிமை எதுவும் தெரியவில்லை. விரைவும் மென்மையும் தெரிந்தன.

இம்முறை ஏன் இவ்வாறு ஆயிற்று என்பதற்குக் காரணம் எளிது. வளைவின் நடுவே காலைத் திடீரென எடுக்கும்போது காரின் எடை முன்புறம் சாய்கிறது. பின்சக்கரங்கள் இலேசாகின்றன. இலேசான சக்கரத்திற்குப் பிடிமானம் குறைவு. ஆகவே பின்பகுதி வெளியே வீசப்படுகிறது. போர்ஷே 911இல் எஞ்சின் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. எடையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பின்புறமே. அது சுழலத் தொடங்கினால் கதாயுதத்தின் தலையைப் போலச் சுழலும். 1975இல் வெளிவந்த அதன் டர்போ வகைக்கு, தேர்ச்சியற்ற ஓட்டுநரைத் தண்டிக்கும் கார் என்ற அச்சுறுத்தும் பெயரே ஏற்பட்டது. காய்ந்த சாலையில் இது நிகழப் பெருவேகம் தேவை. அவ்வேகத்தில் ஓட்டுநருக்கு அச்சம் முன்னதாகவே தோன்றிவிடும். ஈரச் சாலையிலோ அச்சம் தோன்றாத சாதாரண வேகத்திலேயே ஆபத்து வந்து நிற்கிறது.

அறிக்கையில் மற்றொரு செய்தியும் இருந்தது. அந்த இளைஞரின் டயர்களில் பள்ளங்களின் ஆழம் போதுமானதாகவே இருந்தது. சட்டம் கேட்கும் 1.6 மில்லிமீட்டருக்கு மிகுதியாகவே இருந்தது. ஆனால் டயர்கள் பத்து ஆண்டுகளைக் கடந்தவை. முன்னைய உரிமையாளர் கோடைக் காலத்தில் மட்டும் ஓட்டியதால் அவை தேயவில்லை. ரப்பர் மட்டும் இறுகிவிட்டது. இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 3501 என்றால் 2001ஆம் ஆண்டின் முப்பத்தைந்தாம் வாரம். பார்வைக்குப் புதிது போலிருந்த அந்த டயர்களின் வயதை அந்த இளைஞருக்கு எவரும் கூறவில்லை.

பயிற்றுநரையும் அழைத்துக்கொண்டு அத்தாயின் இல்லம் சென்றோம். கண்டதையும் கேட்டதையும் கூட்டாமல் குறைக்காமல் கூறினோம். உம் மகனை அகந்தை கொல்லவில்லை, அம்மா. பின்பகுதி வழுக்கியபோது அவர் அஞ்சிக் காலை எடுத்தார். கற்றுத்தரப்படாத எந்த மனிதரும் அதைத்தான் செய்வர். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு பயிற்றுநரைப் பார்த்து, கற்றுத்தந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டார். "பிழைத்திருக்கலாம்" என்றார் பயிற்றுநர். அச்சொல் அத்தாய்க்கு நோவைத் தந்திருக்கும். ஆயினும் பொய்யான தீர்ப்பின் சுமையை அது நீக்கியது. அடுத்த ஆண்டு நினைவுத் திருப்பலியின்போது மலர்கள் வேண்டா என்று கேட்டுக்கொண்டார். மலருக்கான பணத்தில் பங்கின் இளைஞர் இருவர் அந்த ஈரத்தளப் பயிற்சிக்குச் சென்றனர். நாம் தாயகம் திரும்பும்வரை ஆண்டுதோறும் இருவர் சென்றுவந்தனர்.

கற்றுக்கொள்ளத்தக்கது இது என்பதற்குப் பந்தய வரலாறே சான்று. பிரேசில் நாட்டு அயர்டன் சென்னா மழையில் ஒப்பாரற்ற ஓட்டுநராகப் போற்றப்பட்டவர். அவர் அவ்வாறு பிறந்தவர் அல்லர். சிறுவனாகக் கார்ட் எனப்படும் சிறு பந்தய வண்டி ஓட்டியபோது, முதல் மழைப் பந்தயத்தில் மிகவும் தடுமாறினார். அதன்பின் மழை பெய்யும்போதெல்லாம் மற்றவர் வீட்டிற்குள் செல்ல, அவர் வண்டியை வெளியே எடுத்தார். 1993 ஏப்ரல் 11, உயிர்ப்பு ஞாயிறு. இங்கிலாந்தின் டோனிங்டனில் மழைப் பந்தயம். தொடக்கத்தில் ஐந்தாம் இடத்திற்குத் தள்ளப்பட்ட சென்னா, முதல் சுற்று முடிவதற்குள் நால்வரைக் கடந்து முதலிடம் அடைந்தார். மழை அவரைக் கொல்லவில்லை. 1994 மே முதல் நாள், இமோலாவின் காய்ந்த பாதையில் அவர் மாண்டார். கலையில் தேர்ந்தவருக்கும் முழுக் காப்புறுதி கிடையாது.

நம் ஐஃபலின் நூர்பர்க்ரிங்கில், 1968 ஆகஸ்டு 4 அன்று மழையும் மூடுபனியும் சூழ்ந்த நிலையில், ஸ்காட்லாந்தின் ஜாக்கி ஸ்டீவர்ட் காயமுற்ற மணிக்கட்டுடன் ஓட்டி, இரண்டாமவரைவிட நான்கு நிமிடங்களுக்கும் மேல் முந்தி வென்றார். அத்தகைய வெற்றி பெற்றவரே பந்தயப் பாதைகளின் பாதுகாப்புக்காக மிக உரக்கக் குரல் கொடுத்தவர் என்பது கருதத்தக்கது. ஈரச் சாலையை நன்கு அறிந்தவர் அதனை எளிதாக எண்ணுவதில்லை.

அனைவரினும் நம் உள்ளத்தில் நிலைத்தவர் ஆஸ்திரியாவின் நிக்கி லவுடா. 1976 ஆகஸ்டு முதல் நாள் அதே நூர்பர்க்ரிங்கில் அவருடைய கார் தீப்பற்றியது. முகமும் நுரையீரலும் வெந்தன. மருத்துவமனையில் குருவானவர் வந்து நோயில்பூசுதல் அளிக்கும் நிலை. ஆனால் ஆறே வாரங்களில் மீண்டும் பந்தயத்தில் அமர்ந்தார். அவ்வாண்டின் இறுதிப் பந்தயம் அக்டோபர் 24 அன்று ஜப்பானின் ஃபூஜியில். உலகப் பட்டத்திற்கான கணக்கில் ஜேம்ஸ் ஹன்ட்டைவிட லவுடா மூன்று புள்ளிகள் முன்னணியில் இருந்தார். பெருமழையில் பாதை தெரியவில்லை. இரண்டு சுற்றுகள் ஓட்டியபின் காரை நிறுத்தி இறங்கிவிட்டார். எஞ்சின் பழுது என்று சொல்லிவிடலாம் எனக் குழுவினர் முன்வந்தபோது அதனையும் ஏற்கவில்லை. ஹன்ட் மூன்றாவதாக வந்து, ஒரே ஒரு புள்ளி வேறுபாட்டில் பட்டம் வென்றார்.

கோழை என்றனர் சிலர். ஆனால் மறு ஆண்டே, 1977இல், லவுடா பட்டத்தை மீண்டும் வென்றார். 1984இல் மூன்றாம் முறை வென்றபோது வேறுபாடு அரைப் புள்ளி. அந்த அரைப் புள்ளியின் வரலாறு சுவையானது. அவ்வாண்டு மொனாக்கோ பந்தயம் மழையால் பாதியில் நிறுத்தப்பட்டதால், வென்ற அலென் புரோஸ்ட்டுக்குப் பாதிப் புள்ளிகளே கிடைத்தன. ஒரு மழையில் ஒரு புள்ளியால் பட்டத்தை இழந்தவர், மற்றொரு மழையால் அரைப் புள்ளியில் அதனைப் பெற்றார். ஸ்டியரிங்கைக் கட்டுப்படுத்துவது பாதிக் கலை. நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தி, பிறர் நகைப்பைத் தாங்கிக்கொள்வது மறுபாதி.

இன்றைய கார்களில் கருவிகள் பல உதவுகின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 1978இல் வந்தது. கார் சுழலத் தொடங்கும்போது தனித்தனிச் சக்கரங்களைப் பிடித்து நேராக்கும் மின்னணு முறை 1995இல் வந்தது. இவை எண்ணற்ற உயிர்களைக் காத்துள்ளன. ஆயினும் இருக்கும் ரூபாயை இவை சிக்கனமாகச் செலவிடுமேயன்றி, இல்லாத ரூபாயை உண்டாக்க மாட்டா. நீரில் மிதக்கும் டயருக்கு எந்தக் கருவியும் துணையில்லை. 2019இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 911இல் ஒரு புதுமை உண்டு. முன்சக்கர அறைகளில் தெறிக்கும் நீரின் ஒலியைக் கேட்டு, சாலை ஈரமாயுள்ளது என்று கார் எச்சரிக்கிறது. ஆனால் ஈரச் சாலைக்குரிய நிலைக்குத் தானாக மாறுவதில்லை; பொத்தானை ஓட்டுநர்தான் அழுத்த வேண்டும். மனச்சான்றும் அவ்வாறே செயலாற்றுகிறது என்று இளைஞர்களுக்கு மறைக்கல்வி நடத்தும்போது கூறுவதுண்டு.

நம் வாசகருள் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் மிகச் சிலரே. எனினும் வடகிழக்குப் பருவமழையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் சிறு காருக்கும், திருத்தலப் பயணத்திற்கு அமர்த்திய வேனுக்கும் உள்ளங்கை நான்கே; ரூபாய் ஒன்றே. பிரான்சில் நெடுஞ்சாலை வேக எல்லை காய்ந்த நாளில் 130, மழை நாளில் 110 என்று சட்டமே பிரித்து வைத்துள்ளது. சட்டம் பிரிக்காத இடத்தில் நாமே பிரித்துக்கொள்ளலாம். முன்செல்லும் வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுவதும், வளைவுக்கு முன்னரே வேகம் குறைப்பதும், கை கால் இரண்டையும் பதறாமல் இயக்குவதும் செலவில்லாத செயல்கள். கண்மூடித்தனமான மழையில் ஓரமாக ஒதுங்கி நிற்பது இழிவும் அன்று.

இவ்விதழை மடித்து வைத்தபின், வாசலில் நிற்கும் வண்டியின் டயர் அருகே ஒருமுறை குனிந்து பாருங்கள். நீள்வட்டத்தினுள் நான்கு இலக்கங்கள் இருக்கும். அவற்றைப் படித்து, உங்கள் மகனுக்கும் மகளுக்கும் படிக்கக் கற்றுக்கொடுங்கள்.